தடுப்பணையில் ஒரு சனிக்கிழமை

“மேடம், நீங்க செத்த கீழ எறங்கி நின்னுக்கிடுங்க. இத ஒடைக்கணும்.”

கடப்பாரையோடு நின்றவர் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கேட்பவர்கள்கூட இவ்வளவு பணிவாகக் கேட்பதில்லை. அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோரும் கீழூர்க்காரர்கள். கடப்பாரைகள், இரண்டு சம்மட்டி, சில மண்வெட்டிகள், ஒரு தூக்குச்சட்டி. தூக்குச்சட்டியில் என்ன இருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நான் தடுப்பணையின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தேன். அணை நிறைந்து, அதன் தலைக்கு மேல் வழிந்த தண்ணீர் என் கணுக்காலை நனைத்துக்கொண்டு போனது. மலைத் தண்ணீர். புரட்டாசி வெயிலிலும் சில்லென்று இருந்தது. செருப்பைக் கரையில் விட்டிருந்தேன். கையில் திட்டக் கோப்பு. பல வருடங்களாகக் கோப்பு இல்லாமல் நான் எங்கேயும் நின்றதில்லை.

எதிர்க்கரையில் மேலூர்க்காரர்கள். அவர்களிடம் கம்புகள் இருந்தன. அவர்களுடைய ஓடைக் குழுவின் தலைவர் வெங்கடசாமி வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர். கோபம் வந்தால் தெலுங்கில் எண்ணுவார். பத்து வருவதற்குள் தணிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அன்று முப்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, “எறங்காதிய மேடம்!” என்று கத்தினார். “நீங்க எறங்குனா அவனுவ ஒடச்சுப்புடுவானுவ.”

அன்று புரட்டாசி சனிக்கிழமை. இரண்டு ஊரிலும் பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கும் எங்கள் திருவண்ணாமலைக்குப் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தார்கள். இல்லாவிட்டால் கூட்டம் இரண்டு மடங்காக இருந்திருக்கும். பெருமாளுக்கு நான் பட்ட கடன் அது.

ஊர்ப் பெயர்

இந்தத் தொடரில் ஊர்ப் பெயர்களை மாற்றி எழுதுவதாகச் சில வாசகர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்து தேவதானம் போகிற சாலையில், ஓர் இடத்தில் மேற்கே திரும்பினால் வருகிற இரண்டு ஊர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மலையடிவாரத்தில் இருப்பது மேலூர். மலையிலிருந்து இறங்கும் ஓடை அதன் நிலங்களுக்கு நடுவே வருகிறது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே கீழூர். அங்கே ஒரு கண்மாய். ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் பிரிந்து போய் அந்தக் கண்மாயை நிரப்ப வேண்டும்.

இரண்டு ஊரிலும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள். கீழூரில் சலூனில் மட்டும்.

நான் அப்போது நீர்வடிப்பகுதித் திட்டத்தில் சமூக அமைப்பாளர். ஓர் ஓடைக்கு வந்து சேருகிற மழை எங்கெங்கே விழுகிறதோ அந்த நிலம் முழுவதும் அதன் நீர்வடிப்பகுதி. மலைச்சரிவு, ஆடு மேய்கிற கரடு, தோப்பு, வயல், வீட்டு முற்றம் எல்லாம் அதில் வரும். கல்லையும் சிமெண்டையும் பொறியாளர் பார்த்துக்கொள்வார். மனிதர்களைச் சமூக அமைப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். சிமெண்டுக்கு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை வ. புதுப்பட்டிப் பக்கம் அனுப்பினார்கள். முதல் கூட்டத்தில் ‘நீர்வடிப்பகுதி’ என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினேன். நல்ல கூட்டம். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒரு பெண் எழுந்து, “அந்த வடிகட்டிய எப்பம் குடுப்பீய?” என்று கேட்டார். குடிதண்ணீர் வடிகட்டி கொடுக்கிற கூட்டம் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். இல்லையென்று தெரிந்ததும் அதே அமைதியோடு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து நான் ‘ஓடைத் திட்டம்’ என்றுதான் சொல்வது.

கோலப்பொடி வரைபடம்

மேலூரில் திட்டம் தொடங்கியபோது, பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் கோலப்பொடியால் ஊரையே வரைந்தார்கள். மலைக்குப் பச்சைப் பொடி, ஓடைக்கு நீலம், கிணற்றுக்கு வட்டம், வற்றிய கிணற்றுக்கு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறிகள் நிறைய விழுந்தன. வெங்கடசாமியின் கிணற்றுக்கும் ஒன்று. அவர் அதைக் காலால் அழித்துவிட்டு, “ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுது” என்றார்.

நீலப்பொடி ஓடை மேலூர் எல்லைக்கல் வரை வந்து நின்றது. வரைந்துகொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தி, “இதுக்குக் கீழ?” என்று கேட்டார்.

“அது அடுத்த கட்டம்” என்றேன்.

திட்ட எல்லை அதுவரைதான். அரசாங்கத் தாளில் அப்படித்தான் இருந்தது. பொறியாளர் ஜெபராஜும் நானும் அந்த ஓடையை மலையிலிருந்து எல்லைக்கல் வரை மூன்று முறை நடந்தோம். எல்லைக்கல்லைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. அங்கே ஒரு புளியமரம் உண்டு. அதன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

அந்த வைகாசியில் தடுப்பணை கட்டி முடிந்தது. கேசரி கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் மேலூர்க் கிணறுகளில் தண்ணீர் ஏறியது. வெங்கடசாமி எனக்கு போன் செய்து, கிணற்றில் ஒரு கல்லைப் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார்.

மாடிப்படி ஏறி வந்தவர்

எங்கள் அலுவலகம் ராஜபாளையத்தில் ஓர் உரக்கடை மாடியில் இருந்தது. யூரியா வாசனைக்கு நடுவேதான் மண்வளம் பற்றிப் பேசுவோம். ஐப்பசி மழை ஓய்ந்த மறு மாதம், முத்துலட்சுமி அந்தப் படிகளில் ஏறி வந்தார்.

நாற்பது வயதிருக்கும். கீழூர்க் கண்மாய்க்கு அவர் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்து விடுவது, வாய்க்காலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நீர்பாய்ச்சியின் வேலை. கணவர் செய்துகொண்டிருந்தது. அவர் திருப்பூருக்குப் போன பிறகு இவர் மண்வெட்டியை எடுத்தார். ஊரில் முதலில் ஏதோ சொன்னார்களாம். தண்ணீர் சரியாக வந்ததும் நிறுத்திவிட்டார்களாம். கண்மாயில் தண்ணீர் இல்லாத நாளில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போவார். அந்த வருடம் எல்லா நாளும் தறிக்குத்தான் போனார். தலைமுடியில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

வந்து நின்று கேட்டார்: “எங்க தண்ணிய எங்க வச்சிருக்கீய?”

இரவல் வாங்கிப்போன அண்டாவைத் திருப்பிக் கேட்பதுபோல இருந்தது அவர் குரல்.

ஜெபராஜ் நல்ல பையன். கணக்கில் பிழை விடமாட்டார். தாளை எடுத்து, இந்த அணை பிடித்துவைப்பது மிகக் கொஞ்சம்தான், நல்ல மழையில் ஒரே நாளில் நிறைந்து வழிந்துவிடும், மீதி எல்லாம் கீழேதான் வரும் என்று படம் போட்டு விளக்கினார்.

முத்துலட்சுமி பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆனா கண்மாயில தண்ணி இல்ல.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “மேடம், நீங்க ஒருக்கா கீழ வந்து பாருங்க. எல்லைக்கல்லத் தாண்டி, தோப்புப் பக்கமா வாங்க. ஒங்க கண்ணால பாருங்க.”

“அடுத்த வாரம் வாரேன்” என்றேன்.

போகவில்லை. எல்லைக்கல்லுக்குக் கீழே போனால் பயணக் குறிப்பில் என்ன காரணம் எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். அவர் மேலும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். கடைசி முறை சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். கைப்பிடிச் சுவரில் ஒட்டிய பஞ்சு மட்டும் இரண்டு நாள் அங்கேயே இருந்தது.

அந்த வருடம் கீழூரில் நெல் நடவில்லை. கண்மாய்க்குள் ஆடு மேய்ந்தது. மேலூரில் கிணற்றுத் தண்ணீரில் கரும்பு நட்டார்கள். இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு உண்டு. தை மாதத்துக்கு நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணம், தாம்பூலம் மாற்றிய பிறகு நின்றுபோனது. மாப்பிள்ளை வீடு மேலூர். “எங்க வீட்டுப் பிள்ளையோட சேத்து எங்க தண்ணியையும் கட்டிக் குடுத்துருதோம், கூட்டிட்டுப் போங்க” என்று கீழூரில் யாரோ சொன்னார்களாம். நான் படித்த நீரியல் புத்தகத்தில் சம்பந்தம் பற்றி ஓர் அத்தியாயம்கூட இல்லை.

அடுத்த புரட்டாசி வந்தது. இரண்டு நல்ல மழை பெய்தது. மேலூர் அணை நிறைந்தது. கீழூர்க் கண்மாய்க்கு ஒரு குடம் தண்ணீர்கூட வரவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் கடப்பாரையோடு வந்தார்கள்.

கணுக்கால் தண்ணீர்

“மேடம், எறங்குங்க” என்று கடப்பாரைக்காரர் மூன்றாவது முறை சொன்னபோது அவர் குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்துலட்சுமி வந்தார். தறியிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தன் ஊர்க்காரர்களைப் பார்த்துக் கேட்டார்:

“ஏலே, எங்காலப் பாருங்க. தண்ணி வழியுதா இல்லையா?”

“வழியுது.”

“எந்தப் பக்கம் வழியுது?”

எல்லோருக்கும் தெரிந்த பதில். தண்ணீர் கீழ்ப்பக்கம், கீழூரைப் பார்த்துத்தான் வழிந்துகொண்டிருந்தது.

“இம்புட்டுத் தண்ணி வழிஞ்சு போவுது. நம்ம கண்மாய்க்கு வரல. அப்பம் நடுவுல எங்கயோ போவுதுல்லா? இது பொறத்தாலயே நடந்து போவம். எங்கயும் அடைப்பு இல்லன்னா திரும்பி வந்து மொதக் கடப்பாரைய நான் போடுதேன்.”

எதிர்க்கரையில் வெங்கடசாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். தன் அணை தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். “நாங்களும் வாரோம்” என்றார்.

எழுபது எண்பது பேர் ஓடைக்கரையில் நடக்க ஆரம்பித்தோம். கீழூர் இடது கரையில், மேலூர் வலது கரையில். ஓடைக்குள் நானும், என்னோடு வந்து கரையில் நின்றிருந்த ஜெபராஜும், முத்துலட்சுமியும். யாரும் ஆயுதத்தைக் கீழே போடவில்லை. எல்லைக்கல்லையும் புளியமரத்தையும் தாண்டினோம். நான் அங்கே ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து புளியமரம் வேறு மாதிரி இருந்தது.

ஓடையிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடம் வந்தது. சீமைக் கருவேலம் மண்டி, உள்ளே குனிந்துதான் போக முடிந்தது. தண்ணீர் வாய்க்காலுக்குள் நன்றாகவே நுழைந்தது. பிறகு மெதுவானது. பிறகு தேங்கியது. பிறகு, வந்த வழியே திரும்பி ஓடைக்கே போய் வேறு திசையில் இறங்கியது. முன்னால் ஏதோ அடைப்பு. முன்னால் ஒரு கம்பி வேலி. வேலிக்குள் மாந்தோப்பு.

என் நடை தானாகவே குறைந்தது.

நாய்

அந்தத் தோப்புக்கு நான் எப்போதும் மறுபக்கத்து ரோட்டிலிருந்துதான் வருவேன். வேலியை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. ஆனாலும் மாமரங்கள் தெரிந்தவைதான். மூலையில் இடி விழுந்து பாதியான மரத்தைப் பார்த்ததும் சந்தேகமே இல்லாமல் போனது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். குனிந்து காலில் தைத்த முள்ளை எடுத்தேன்.

“யார் தோப்பு இது?” என்று வெங்கடசாமி கேட்டார்.

“ராஜபாளையத்து ஆள் யாரோ” என்றார் ஒருவர். “நாய் உண்டு. பாத்துப் போங்க.”

நாய் வந்தது. வெள்ளை நிற ராஜபாளையத்து நாய். இடுப்பு உயரம். வேலியோரமாகக் குரைத்துக்கொண்டே வந்ததைப் பார்த்து, கடப்பாரை வைத்திருந்தவர்கள் உட்பட எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். எங்கள் ஊர் நாய் அந்நியர்களிடம் சிரித்துப் பேசாது.

அது என்னைப் பார்த்தது. குரைப்பதை நிறுத்தியது. வேலிக்கு அடியில் நுழைந்து வந்து, முன்னங்கால்கள் இரண்டையும் என் தோளில் போட்டு, முகத்தை நக்கியது. வாலாட்டிய வேகத்தில் ஜெபராஜின் கையிலிருந்த அளவு நாடா தண்ணீரில் விழுந்தது.

எண்பது பேரும் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“மேடத்துக்கு நாய் பழக்கம் போல” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

“எங்க வீட்டுத் தோப்பு” என்றேன்.

வாய்க்காலின் குறுக்கே, தோப்புக்குள், டிராக்டர் போக ஒரு மண்பாதை இருந்தது. பாதைக்கு அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய். மாவிலையும் வண்டலும் வருடா வருடம் சேர்ந்து முழுதாக அடைத்து, அதன் வாயில் ஒரு செடி முளைத்திருந்தது. பாதைக்கு இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர். அந்தப் பக்கம் வெடித்துக் கிடந்த மண்.

அந்தப் பாதையைச் சில வருடங்களுக்கு முன் என் கணவர் போட்டார். அவருக்கு ராஜபாளையத்தில் ஹார்டுவேர் கடை. குழாய் கடையிலிருந்தே வந்தது. “அடியில ஒரு கொழா போதுமா, ரெண்டா?” என்று அவர் ஒரு காலையில் அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டார். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். “வெறும் பள்ளந்தான, ஒண்ணு போதும்” என்றேன்.

இதை அன்று அந்தக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. இப்போதுதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

கோப்பைத் திறந்தேன்

கணவருக்கு போன் செய்தேன். “நான் வாரவரைக்கும் ஒருத்தனும் கை வைக்கக் கூடாது” என்றார். இருபது நிமிடத்தில் பைக்கில் வந்துவிட்டார். நெற்றியில் கடைச் சாம்பிராணி நேரத்துத் திருநீறு இன்னும் இருந்தது. கடப்பாரைகளைப் பார்த்தார். கம்புகளைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். என்னைக் கடைசியாகப் பார்த்தார்.

“எங்க அப்பா காலத்துலருந்து இது எங்க தோப்பு. பட்டா இருக்கு” என்றார்.

“தோப்பு ஒங்களுதுதான் அண்ணாச்சி” என்றார் முத்துலட்சுமி. “நடுவுல போற வாய்க்கா எங்களுது.”

“எவன் சொன்னான்? இது மழைத் தண்ணி ஓடுத பள்ளம்.”

அப்போது ஜெபராஜ் என் கையைப் பார்த்தார். கோப்பு. இரண்டு ஊர்களின் நில அளவைப் படமும் அதில் இருந்தது. திட்ட எல்லைக்கு வெளியே இருக்கும் பக்கங்களையும் தாலுகா அலுவலகத்தில் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

பிரித்தேன். தண்ணீர் பட்டுத் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் தோப்பின் எண்ணைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதன் குறுக்கே இரட்டைக் கோடு ஓடியது. கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்து.

என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கோப்பை மூடு, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்கிறார். மூடியிருக்கலாம். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொன்னால் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். முத்துலட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூன்று முறை ஏறி இறங்கிய படிகள் ஞாபகம் வந்தன.

சத்தமாகப் படித்தேன். “வாய்க்கால் புறம்போக்கு. கீழூர்க் கண்மாய் வரத்து.”

யாரும் கை தட்டவில்லை.

என் கணவர் பைக் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். “படிச்சாச்சுல்லா” என்றார். “ஒடைங்க.” போய் பைக்கில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் போய்விடவில்லை.

கொண்டுவந்த கடப்பாரைகள் வீணாகவில்லை. மேலூர்க்காரர்களும் கம்பைப் போட்டுவிட்டு மண்வெட்டியைக் கேட்டு வாங்கினார்கள். எண்பது பேருக்கு அந்தப் பாதை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. குழாயை உருட்டி எடுத்து ஒரு மாமரத்தில் சாய்த்துவைத்தார்கள். தேங்கியிருந்த தண்ணீர் முதலில் தயங்கியது. பிறகு வெடித்த மண்ணுக்குள் சுர்ரென்று இறங்கியது. ஒரு சொட்டும் கீழூருக்குப் போய்ச் சேரவில்லை. காய்ந்த வாய்க்கால் எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

மற்றவர்கள் கலைந்தபோது முத்துலட்சுமியைத் தனியாகக் கேட்டேன். “இது எங்க தோப்புன்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“பொறவு ஏன் சொல்லல?”

“எங்க ஊர்ல சொல்லியிருந்தா அவனுவ நேரா இங்கன வந்திருப்பானுவ மேடம். பாதைய மட்டுமா வெட்டுவானுவ? மரத்தையும் வெட்டிப்புடுவானுவ. நீங்க கூட நின்னா கைவைக்க மாட்டானுவ. அதான் வாங்க வாங்கன்னு கூப்புட்டேன்.” மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். “நீங்க வரல.”

இருபத்தைந்து வருட வேலையில் என்னை இதைவிடச் சுருக்கமாக யாரும் கண்டித்ததில்லை.

ரேஷன் கடை வாசல்

பாதையை உடைத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். முத்துலட்சுமி நினைக்கவில்லை.

இரண்டு ஊருக்கும் பொதுவான இடம் ஒன்றே ஒன்று, ரேஷன் கடை. அதன் வாசலில் மூன்று மதியங்கள் உட்கார்ந்து பேசினோம். அணை பிடிப்பது கொஞ்சம்தான் என்று ஜெபராஜ் மறுபடியும் தாளை எடுத்தார்.

“கொஞ்சமோ நெறையவோ தம்பி, மொதத் தண்ணி எங்களுக்கு வேணும்” என்றார் முத்துலட்சுமி. “அன்னைக்குப் பாத்தீயல்லா? காஞ்ச வாய்க்கா தண்ணியக் குடிச்சிரும். மொத மழைத் தண்ணி வந்து அத நனைக்கணும். நனைஞ்ச வாய்க்காலதான் பொறவு ஓடும். அந்த மொதத் தண்ணியத்தான் நீங்க மேல புடிச்சு வைக்கீய.”

ஜெபராஜ் தாளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எதையோ அடித்தார். தன் கணக்கில் அவர் எதையும் அடித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அணையின் அடியில் வண்டலை வெளியேற்ற ஒரு ஷட்டர் உண்டு. மழைக்காலம் தொடங்கினால் அதைத் திறந்தே வைப்பது, கீழூர்க் கண்மாயின் மடைக்கல் நனைந்த பிறகுதான் மூடுவது என்று பேச்சு வந்தது. வெங்கடசாமி தெலுங்கில் எண்ண ஆரம்பித்தார். பதினேழில் நிறுத்திவிட்டு, “சரி. ஆனா அவிய ஆட்டை எங்க சரிவுல மேய்க்கக் கூடாது” என்றார்.

கீழூர் ஆடுகள் மேலூர்ச் சரிவில்தான் மேயும். புல்லும் செடியும் போய்விட்டால் மழைக்கு மண் கரைந்து இறங்கி, சில வருடங்களில் அணை முழுவதும் மண்ணாகிவிடும். பிறகு கிணறும் இல்லை, ஷட்டரும் இல்லை. அவர் சொன்னது நியாயம். கீழூர்ப் பெண்கள் கேட்டதும் நியாயம்: “அப்பம் ஆடு என்ன மேடம் திங்கும்? ஒங்க கோப்பையா?”

கடைசியில் சரிவை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வருடம் ஒரு பாதியில் ஆடு, மறு பாதியில் செடி. அடுத்த வருடம் மாற்றிக்கொள்வது. ஷட்டரைத் திருகுகிற கைப்பிடி யாரிடம் இருப்பது என்பதற்கு மட்டும் ஒரு மதியம் முழுவதும் போனது. ஷட்டர் மேலூரில், கைப்பிடி கீழூரில் முத்துலட்சுமி வீட்டில் என்று முடிவானது. திறப்பதற்கும் மூடுவதற்கும் இரண்டு ஊரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். யாருக்கும் இதில் முழுத் திருப்தி இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நின்றுபோன கல்யாணம் நின்றதுதான். அந்தப் பெண்ணை அதற்குள் சங்கரன்கோவிலில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில்

என் கணவர் என்னோடு சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. சாப்பிட உட்காருவார், சாப்பிடுவார், எழுந்துவிடுவார். சாம்பாரில் உப்பு இல்லாத ஒரு நாள்கூட ஒன்றும் சொல்லவில்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

டிராக்டர் தோப்புக்குள் போக முடியாமல் இரண்டு வாரம் வெளியே நின்றது. பிறகு அவரே கொத்தனாரை அழைத்துப் போய், வாய்க்காலுக்கு மேலே கல்பாலம் கட்டினார். எத்தனை அடி அகலம் விட வேண்டும் என்று என்னிடம் கேட்கவில்லை. முத்துலட்சுமியிடம் போய்க் கேட்டார். அவர் தன் மண்வெட்டியைக் குறுக்கே படுக்கவைத்து, “இதுல மூணு” என்றாராம். இதை எனக்கு ஜெபராஜ் சொன்னார்.

கீழூர்க் கண்மாய் அந்தக் கார்த்திகையில் முக்கால்வாசி நிறைந்தது. முழுதாக இல்லை. ஆனால் நடவு நட்டார்கள். முத்துலட்சுமி தறிக்கு வரவில்லை என்று தறி முதலாளி குறைப்பட்டார். மேலூர்க் கிணறுகளில் தண்ணீர் போன வருடத்தைவிடக் கொஞ்சம் கீழேதான் நின்றது. வெங்கடசாமி கல் போடும் சத்தத்தை எனக்குக் கேட்கவைக்கவில்லை.

எனக்கு ஞாபகத்தில் நிற்பது அதற்கு முந்தின மாதம், ஐப்பசியில், ஒரு மதியம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆய்வுக் கூட்டம். காலையிலிருந்தே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. டீயும் முறுக்கும் வந்த நேரத்தில் என் போன் அதிர்ந்தது. கணவர். ஒன்றரை மாதத்தில் அவரிடமிருந்து வந்த முதல் அழைப்பு. வராந்தாவுக்கு ஓடினேன்.

“என்னங்க? என்னாச்சு?”

ஏதோ இரைச்சல் மட்டும் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன். போனைக் காதோடு அழுத்தினேன். கல்லில் மோதித் திரும்புகிற சத்தம். அதற்குள் கிளை ஒன்று இழுபட்டுப் போகிற சத்தம். நடுவில் நாய் ஒருமுறை குரைத்தது. தோப்புக்குள் பாலத்தின் மேல் நின்றுகொண்டு, போனைத் தண்ணீருக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வராந்தாவில் போன ஒருவர் எனக்கு ஏதோ துக்கச் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து நின்றுவிட்டுப் போனார்.

பிறகு சத்தம் விலகியது. அவர் குரல் வந்தது.

“வாரப்ப பச்ச மொளகா வாங்கிட்டு வா. வீட்டுல இல்ல.”